எளிய குறிமுறைகளும் தமிழ்ப் பனுவலும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பனுவல் என்பது சொற்களின் வரிசை மட்டுமன்று. எது தலைப்பு, எது நூற்பா, எது உரை, எது உரைக்குள் வரும் மேற்கோள் என்னும் வேறுபாடுகளும் பனுவலின் பகுதிகளே. அச்சு நூலில் இவ்வேறுபாடுகளை எழுத்தின் பருமனும் ஓர இடைவெளியும் காட்டுகின்றன. கணிப்பொறிக் கோப்பில் இவற்றைக் காட்டப் பனுவலுக்குள்ளேயே சில அடையாளங்களை இட வேண்டியுள்ளது. இவ்வடையாளங்களின் தொகுதியும் அவற்றை இடுவதற்குரிய விதிகளும் சேர்ந்ததை இக்கட்டுரை ‘குறிமுறை’ எனக் குறிக்கிறது. எழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பு ‘வெற்றெழுத்துக் கோப்பு’ எனப்படும்.

வெற்றெழுத்துக் கோப்பில் கையாளுவதற்கென எழுந்த எளிய குறிமுறைகள், குறிப்பாக மார்க்டவுன், இன்று கட்டுரை எழுதுவோரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் பரவியுள்ளன. இவை தமிழ்ப் பனுவலுக்கு எந்த அளவு பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை, பொருந்தாமைக்குக் காரணம் என்ன என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சிக்கல் தோன்றிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு சொல்லடைவுப் பணியில் பங்கேற்க நேர்ந்தது. பழைய இலக்கண உரை ஒன்றின் அச்சுப் பதிப்பைத் தட்டச்சு செய்து, அதிலுள்ள சொற்களின் வருகையைக் கணக்கிடுவது பணி. தட்டச்சு செய்தவர் நூற்பாவைத் தடித்த எழுத்திலும் உரையைச் சாதாரண எழுத்திலும் அமைத்திருந்தார். திரையில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. சொல்லடைவு நிரலுக்குக் கொடுப்பதற்காக அக்கோப்பை வெற்றெழுத்துக் கோப்பாக மாற்றியபோது தடித்த எழுத்து மறைந்தது. நூற்பாவும் உரையும் ஒன்றாயின.

இதை யாரும் உடனே கவனிக்கவில்லை. அடைவின் மேல்வரிசையில் ‘று’ என்பது ஒரு சொல்லாக வந்தபோதுதான் ஐயம் எழுந்தது. றகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆகவே அது சொல்லாக இருக்க முடியாது. தேடிப் பார்த்தபோது, ‘என்றவாறு’ என்பதன் சுருக்கமாக உரையாசிரியர் பனுவல்களில் வரும் ‘எ-று’ என்பதை, இடைக்கோட்டை எல்லையாகக் கொண்டு நிரல் இரண்டாகப் பிரித்திருந்தது தெரிந்தது. மொழிமுதல் விதி பிழையைக் காட்டிக்கொடுத்தது. அவ்விதிக்கு முரண்படாத பிற உரைச்சொற்களெல்லாம் நூலாசிரியரின் சொற்களாகவே அடைவில் நின்றன.

இப்பிழை சிறிதன்று. தொல்காப்பியத்துக்கும் அதன் முதல் உரையாசிரியராகிய இளம்பூரணருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. உரையின் சொல் மூலத்தின் சொல்லாகக் கணக்கிடப்பட்டால், ஒரு வடிவம் வழக்குக்கு வந்த காலத்தைப் பற்றிய முடிவு அத்தனை நூற்றாண்டு தவறும். அம்முடிவின்மேல் எழுப்பப்படும் வரலாற்றிலக்கணமும் தவறும். தடித்த எழுத்தை இழந்தது அழகை இழந்ததாக மட்டும் முடியவில்லை; சான்றை இழந்ததாயிற்று.

3. எளிய குறிமுறைகளின் தோற்றமும் சிறப்பும்

பனுவலின் அமைப்பை முறையாகக் குறிக்கும் முயற்சிகள் இதற்கு முன்பே தொடங்கியவை. 1986இல் பன்னாட்டுத் தரமாக எஸ்ஜிஎம்எல் வெளிவந்தது. 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்னும் கூட்டு முயற்சி இலக்கியப் பனுவல்களுக்குரிய விரிவான நெறிமுறையை 1994இல் முழுமையாக வெளியிட்டது. 1998இல் எக்ஸ்எம்எல் வந்தது. இவை செம்மையானவை, ஆனால் கனமானவை. ஒரு நூற்பாவுக்குத் தொடக்கக்குறியும் முடிவுக்குறியும் பண்புக்குறிகளும் இட்டால், பனுவலை விடக் குறிகள் மிகுந்து, மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குச் சொல்லே தெரியாமற் போகிறது.

இதற்கு மாற்றாக எழுந்தவை எளிய குறிமுறைகள். 1992இல் செடெக்ஸ்ட், 2002இல் ஆஸ்கிடாக், அதே காலப்பகுதியில் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட், 2004இல் ஜான் குருபர் உருவாக்கிய மார்க்டவுன் ஆகியன இவ்வகையின. மின்னஞ்சலில் மக்கள் தாமாகவே கையாண்டுவந்த பழக்கங்களை விதியாக்கியது மார்க்டவுனின் சிறப்பு. அழுத்தத்துக்குச் சொல்லின் இருபுறமும் உடுக்குறி, பட்டியலுக்கு வரிமுதலில் சிறுகோடு, பத்திக்கு ஒரு வெற்று வரி ஆகியவை அத்தகையன. மாற்றப்படாத நிலையிலேயே கோப்பைப் படிக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கிளைவழக்குகள் பெருகிய நிலையில், ஐயமற்ற விதிகளை வகுக்கக் காமன்மார்க் என்னும் வரையறை 2014இல் வெளியிடப்பட்டது.

இக்கொள்கை தமிழுக்கு மிக ஏற்றது. தமிழ்க் கோப்புகள் எழுத்துரு சார்ந்த குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு வந்து சேர்ந்த வரலாற்றை நோக்கினால், எந்த மென்பொருளையும் சாராத கோப்பின் அருமை விளங்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் முதலில் தனி எழுத்துருக்களிலும், பின்னர் தகுதரம் எனப்பட்ட டிஸ்கியிலும், அதன் பின்னர் ஒருங்குறியிலும் அமைந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் தப்பிப் பிழைத்தவை எழுத்துகள். எழுத்துகளாலேயே அமைந்த குறிமுறையும் அவற்றுடன் சேர்ந்து பிழைக்கும். எனவே கொள்கையில் குறையில்லை. விதிகளில்தான் சிக்கல் உள்ளது.

4. சொல்லெல்லையும் எழுத்தெல்லையும்

4.1. ஆங்கிலத்தில் நூற்பெயர் வேற்றுமை உருபு ஏற்பதில்லை. ஆகவே நூற்பெயரின் இருபுறமும் குறி இட்டால் போதும். தமிழில் ‘தொல்காப்பியத்தில்’ என எழுதும்போது பெயரின் ஈற்று மகரம் கெட்டு அத்துச்சாரியை தோன்றுகிறது. இதில் பெயரை மட்டும் குறிக்க முயன்றால் *தொல்காப்பிய*த்தில் என எழுத நேரும். காமன்மார்க் விதிப்படி உடுக்குறி சொல்லின் நடுவிலும் செயற்படும். அதே பணிக்கு உரிய அடிக்கோடு சொல்லின் நடுவில் செயற்படாது. ஆகவே _தொல்காப்பிய_த்தில் என எழுதினால் அடிக்கோடுகள் அப்படியே அச்சில் நிற்கும். ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் குறியின் வெளிப்புறத்தில் இடைவெளியையோ நிறுத்தக்குறியையோ எதிர்பார்க்கிறது. சொல்நடுவில் இட வேண்டுமானால் பின்சாய்கோடும் இடைவெளியும் சேர்த்து விதிவிலக்குப் பெற வேண்டும். ஆஸ்கிடாக்கில் குறியை இரட்டிக்க வேண்டும்.

இவ்விதிகள் சொல்நடுக் குறியை விதிவிலக்காகக் கருதுகின்றன. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் அதுவே பெருவழக்கு. மேலும், குறி செயற்பட்டாலும் குறிக்கப்பட்டது ‘தொல்காப்பிய’ என்னும் அடிவடிவமே. நூற்பெயர் அடைவு தயாரிக்கும் நிரலுக்கு அது ‘தொல்காப்பியம்’ என்பதிலிருந்து வேறான ஒரு நூலாகத் தோன்றும்.

4.2. இதனினும் கடிய சிக்கல் எழுத்துக்குள் உள்ளது. ‘குறளில்’ என்னும் சொல்லில் பெயர் ‘குறள்’, உருபு ‘இல்’. ளகர மெய்யும் இகர உயிரும் கூடி ‘ளி’ என ஓரெழுத்தாகின்றன. அதாவது உருபன் எல்லை ஓர் உயிர்மெய்யெழுத்துக்குள் விழுகிறது. தமிழ் மரபின்படி அச்சொல்லில் நான்கு எழுத்துகள். ஒருங்குறியில் ஏழு குறியெண்கள். ‘குறள்’ என்பதன் புள்ளி அவ்வேழில் இல்லை. ஆகவே இடப்புறம் ‘குறள்’ எனவும் வலப்புறம் ‘இல்’ எனவும் அமையும்படி குறியை இடுவதற்கு அச்சொல்லில் இடமே இல்லை. *குறள*ில் என எழுதினால் இகரக் குறி தன் மெய்யை இழந்து, புள்ளியிட்ட வட்டத்தில் தொற்றி நிற்கும்.

உருபைத் தடித்த எழுத்தில் காட்டுவது மொழியியல் கட்டுரைகளின் அன்றாடத் தேவை. இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பில் இது எளிது. அதனாலேயே தமிழைப் பற்றிய கட்டுரைகள் பல தமிழ் எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தராமல் விடுகின்றன என்று கருத இடமுண்டு. இது மார்க்டவுனுக்கு மட்டும் உரிய குறையன்று. பனுவலின் ஊடே குறியைச் செருகும் எம்முறைக்கும் பொது. ஆயினும் எளிய குறிமுறை இதற்கு மாற்றுவழி எதையும் தராததால் அங்குக் குறை வெளிப்படையாகிறது.

4.3. மொழிபெயர்ப்பாளர் இச்சிக்கலைத் தொடரமைப்பை மாற்றித் தவிர்க்கின்றனர். ‘தொல்காப்பியத்தில்’ எனச் சொல்லக்கூடிய இடத்தில் ‘*தொல்காப்பியம்* என்னும் நூலில்’ என எழுதுகின்றனர். ஓரிடத்தில் இது தெளிவு தரும். பக்கந்தோறும் வந்தால் நடை தளரும். கருவியின் விதி தொடரியலை ஆளத் தொடங்குவது இவ்வாறே.

4.4. தலைப்புகளிலிருந்து இணைப்பு முகவரிகளைத் தாமே உருவாக்கும் நிரல்கள் சிலவற்றில் வேறொரு பிழை உண்டு. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அவை எழுத்தாகக் கொள்ளாமல் நீக்கிவிடுகின்றன. அப்போது ‘குறளில்’ என்பது ‘கறளல’ ஆகிறது. ஓலைச்சுவடியில் புள்ளி மட்டுமே விடுபட்டது. இங்கு உயிரும் விடுபடுகிறது.

5. செய்யுளும் வரியும்

மார்க்டவுன் உரைநடைக்கென எழுந்தது. ஒரு பத்திக்குள் வரும் வரிமுறிவுகளை அது பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக்கும். வரியைக் காக்க வேண்டுமானால் வரியிறுதியில் இரண்டு இடைவெளிகள் இட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறி குறியாகாது. மெய்ப்புத் திருத்துவோர் அதைக் காண முடியாது. பல எழுதுகருவிகள் வரியிறுதி இடைவெளிகளைத் தாமே நீக்கிவிடுகின்றன. விளைவாக நான்கடிச் செய்யுள் உரைநடையாகிறது. சுவடிகளில் செய்யுள் அடி பிரிக்கப்படாமல் தொடர்ந்து எழுதப்பட்டிருந்ததையும், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அவற்றை அடியும் சீருமாகப் பிரித்து அச்சிட உழைத்ததையும் ஈண்டு நினைவுகூரலாம். அவ்வுழைப்பின் பயன் இரண்டு இடைவெளிகளில் தங்கியிருக்கக் கூடாது.

செய்யுளின் கீழ் வலப்புறம் தள்ளிப் புலவர் பெயரை எழுதுவது பதிப்பு மரபு. வெற்று வரிக்குப்பின் நான்கு இடைவெளிகளுக்கு மேல் தள்ளி எழுதினால் மார்க்டவுன் அதனைக் கணிப்பொறி நிரலாகக் கொள்ளும். எண்ணிட்ட பட்டியலுக்கு 1, 2 என்னும் எண்களை மட்டுமே அது அறியும். தமிழெண்களையும் (அ), (ஆ) என்னும் வரிசையையும் அறியாது. பத்தியின் தொடக்கத்தில் ‘1887.’ என ஆண்டை எழுதிப் புள்ளியும் இடைவெளியும் இட்டால், அப்பத்தியை 1887ஆம் உருப்படியாகத் தொடங்கும் பட்டியலாகக் கொள்ளும்.

வரியைக் காப்பதற்கென வரிமுதலில் நெடுங்கோடு இடும் வழக்கம் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டில் உண்டு. ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்னும் மாற்றியும் அதை ஏற்கிறது. விக்கிமூலம் செய்யுளுக்கெனத் தனிக்குறி ஒன்றைக் கையாளுகிறது. ஆகவே இக்குறை தீராததன்று. தீர்வு மையத்தில் இல்லாமல் ஓரத்தில் உள்ளது என்பதே குறை.

6. ஒன்றையொன்று வெட்டும் அமைப்புகள்

பனுவல் என்பது ஒன்றினுள் ஒன்று அடங்கிய பகுதிகளின் அடுக்கு என்னும் கொள்கை 1990ஆம் ஆண்டளவில் குறிமுறை ஆய்வாளரிடையே வலுப்பெற்றிருந்தது. இது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என ஒன்றையொன்று உள்ளடக்கும் வரிசையில் தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கிறது. எழுத்து, அசை, சீர், அடி என்னும் யாப்பு வரிசையும் அத்தகையதே.

ஆனால் இவ்விரு வரிசைகளும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. சீரின் எல்லை சொல்லின் நடுவே விழுவதைத் தமிழ் யாப்பியல் ‘வகையுளி’ எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. சொல்லையும் சீரையும் அடைப்புக்குறிகளால் ஒருங்கே குறிக்க முயன்றால் அடைப்புகள் ஒன்றையொன்று வெட்டும். எக்ஸ்எம்எல் இதனை அனுமதிப்பதில்லை. அடுக்குக் கொள்கையை முன்வைத்தவர்களே பின்னர் அதனைத் தளர்த்த நேர்ந்த காரணத்துக்குத் தமிழ் மாணவர் யாப்பிலக்கணத்தில் நீண்ட காலமாகப் பெயர் கற்றுவருகின்றனர்.

இதற்கு நடைமுறையில் நிலைத்த ஒரு தீர்வை மொழிபெயர்ப்புத் துறையில் காணலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வேதாகமச் சங்கம் உறுப்பாக உள்ள ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் எஸ்ஐஎல் நிறுவனமும் கையாளும் யூஎஸ்எஃப்எம் என்பது பின்சாய்கோட்டில் தொடங்கும் குறிகளாலான வெற்றெழுத்துக் குறிமுறை. அதில் அதிகாரமும் வசனமும் அடைப்புகளாகக் குறிக்கப்படுவதில்லை. அவை தொடங்கும் இடத்தில் ஓர் எண்குறி மட்டும் மைல்கல்லைப் போல் நடப்படுகிறது. வசனம் ஒரு பத்தியில் தொடங்கி மறுபத்தியில் முடிந்தாலும் சிக்கல் எழுவதில்லை. மேலும், மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர் தெளிவுக்காகச் சேர்த்த சொல்லைக் குறிக்க அதில் தனிக்குறி உண்டு. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பைக் குறிமுறையிலேயே பதிவு செய்யும் இவ்வசதி மார்க்டவுனில் இல்லை. சமயச்சார்பற்ற இலக்கிய மொழிபெயர்ப்பிலும் இது பின்பற்றத்தக்கது. இக்குறிகளின் பெயர்கள் தோற்றத்தைச் சுட்டாமல் பெரும்பாலும் பணியைச் சுட்டுகின்றன என்பதும் நோக்கத்தக்கது.

மார்க்டவுனின் உடுக்குறி எதைச் சுட்டுகிறது? கொள்கையளவில் அது ‘அழுத்தம்’. அழுத்தத்தைத் தமிழ் ஏகாரத்தாலும் ‘தான்’ என்னும் இடைச்சொல்லாலும் சொல்வரிசையாலும் உணர்த்துகிறது. சாய்வெழுத்து மரபு தமிழ் அச்சில் வேரூன்றவில்லை. ஆகவே தமிழ்க் கோப்புகளில் உடுக்குறி நூற்பெயருக்கும் நூற்பாவுக்கும் மேற்கோளுக்கும் கலைச்சொல்லுக்கும் வேறுபாடின்றி இடப்படுகிறது. இரண்டாம் பகுதியில் கூறிய கோப்பில் தடித்த எழுத்துக்குப் பதில் உடுக்குறிகள் இருந்திருந்தால் அவை மறைந்திரா. ஆனால் அக்கோப்பில் இயல்தலைப்பும் மேற்கோட் செய்யுளும் தடித்தே இருந்தன. குறி மிஞ்சியிருக்கும்; அது குறித்த பொருள் மிஞ்சியிராது.

7. உரைமரபின் குறிமுறை

அக்கோப்பு பின்னர் எவ்வாறு மீட்கப்பட்டது என்பதைக் கூற வேண்டும். தட்டச்சு செய்தவர் பெங்களூரில் வளர்ந்து பள்ளியில் கன்னடம் பயின்றவர். உரைமரபின் சுருக்கங்கள் அவருக்குப் பழக்கமில்லை. ஆயினும் ‘இ-ள்’, ‘எ-டு’, ‘எ-று’ என அச்சில் கண்டவற்றை ஒன்று விடாமல் தட்டச்சிட்டிருந்தார். ‘இதன் பொருள்’ என்பதன் சுருக்கமாகிய ‘இ-ள்’ பொழிப்பின் தொடக்கத்தையும், ‘எ-று’ அதன் முடிவையும் காட்டின. அவற்றைக் கொண்டு நூற்பா, பொழிப்பு, எடுத்துக்காட்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் பிரிக்க முடிந்தது. சொல்லடைவைக் கெடுத்த அதே ‘எ-று’ அதனைத் திருத்தவும் உதவியது.

இச்சுருக்கங்கள் வெற்றெழுத்துக் குறிமுறையின் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துகின்றன. எழுத்துகளாலேயே ஆனவை, படிப்பதற்குத் தடையாகாதவை, தோற்றத்தைக் காட்டாமல் பணியைக் காட்டுபவை, தொடக்கமும் முடிவும் உடையவை. தமிழ்ப் பனுவலுக்கான எளிய குறிமுறை இங்கிருந்தே தொடங்கலாம். அதற்குரிய நெறிகளாகப் பின்வருவனவற்றை முன்வைக்கலாம்.

(அ) பகுதிகளை வரிமுதலில் தமிழ்ப் பெயரால் குறித்தல். ஒரு பகுதி பின்வருமாறு அமையலாம்:

நூற்பா : எழுத்து, நூன்மரபு, 1 (இளம்பூரணர்)
……
இ-ள் : ……
எ-று
எ-டு : ……

(ஆ) நூற்பா எண்ணுடன் உரையாசிரியர் பெயரையும் தருதல். நூற்பாவைப் பிரிப்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவதால் தொல்காப்பியத்தின் மொத்த நூற்பாத் தொகையும் அவர்களிடையே வேறுபடுகிறது. எண் மட்டும் போதிய முகவரியாகாது.

(இ) வரிக்குள் இடும் குறி முழுச்சொல்லையே சூழ்தல். *தொல்காப்பியத்தில்* என முழுமையாகக் குறித்து, அகராதி வடிவத்தை வேறிடத்தில் தரலாம். உருபன் பகுப்பைப் பனுவலுக்குள் செருகாமல் அடுத்த வரியில் ‘குறள் + இல்’ என எழுதலாம். எழுத்து உடையாது, புணர்ச்சிக்கு முந்தைய வடிவமும் காக்கப்படும்.

(ஈ) யாப்பெல்லை, பதிப்பின் பக்க எல்லை போன்றவற்றை அடைப்பாகக் குறிக்காமல் மைல்கல்லாகக் குறித்தல்.

(உ) உரைக்குள் வரும் மேற்கோளைத் தவறாது குறித்தல். தகடூர் யாத்திரை போன்ற மறைந்த நூல்களின் பகுதிகள் உரைமேற்கோள்களாலும் தொகைநூல்களாலுமே எஞ்சியுள்ளன. மேற்கோள் குறிக்கப்படாத கோப்பில் அவை இரண்டாம் முறையும் மறையும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஏற்கெனவே கிளைவழக்குகள் பெருகியுள்ள நிலையில் தமிழுக்கென இன்னொன்றா என்பது அம்மறுப்பு. மறுப்பு நியாயமானது. தனிமொழி ஒன்றை இயற்றுவது இங்கு நோக்கமன்று. மேற்கூறியவை மார்க்டவுனுக்குள்ளேயே பின்பற்றத்தக்க வழக்கங்கள். பகுதிக்குப் பெயரிடும் வசதி பாண்டாக்கில் உள்ளது. இவ்வழக்கங்களை ஒழுங்காகப் பின்பற்றிய கோப்பினை விரிவான குறிமுறைக்கு நிரலால் மாற்ற இயலும். கிரேக்கப் பாப்பிரசு ஏடுகளின் ஆய்வாளர், லெய்டன் மரபின் அடைப்புக்குறிகளை ஒட்டிய சுருக்கக் குறிமுறையில் எழுதி அதை எக்ஸ்எம்எல்லாக மாற்றிக்கொள்கின்றனர். தம் துறையின் பழைய வழக்கத்தையே அவர்கள் கணிப்பொறிக்கும் வழக்கமாக்கினர். உரைமரபுடைய தமிழர்க்கும் அது இயலும்.

8. முடிவுரை

எளிய குறிமுறைகளின் கொள்கை தமிழுக்கு ஏற்றது. அவற்றின் விதிகள் சொல்லை இடைவெளியால் பிரிந்த மாறா வடிவமாகவும், பனுவலை உரைநடையாகவும், அழுத்தத்தை எழுத்துருவாகவும் கொள்வதால் தமிழ்ப் பனுவலுடன் முரண்படுகின்றன. இம்முரண்களுள் சில நிரலைத் திருத்துவதால் தீரும். உருபன் எல்லை எழுத்துக்குள் விழுவது போன்றவை தீரா. அவற்றுக்குப் பகுப்பைப் பனுவலுக்கு வெளியே வைப்பதே வழி.

தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட பனுவல்களின் அளவு இன்று மிகப் பெரிது. அவற்றுள் பலவற்றில் மூலமும் உரையும், ஆசிரியர் சொல்லும் மேற்கோளும், மூலநூற் கருத்தும் மொழிபெயர்ப்பாளர் சேர்க்கையும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. இக்கோப்புகளிலிருந்தே இனி அகராதிகளும் சொல்லடைவுகளும் மொழிக்கருவிகளும் உருவாகும். யார் சொன்ன சொல் என்பதை இன்று ஒரு வரியில் குறிக்காமல் விட்டால், நாளை அதைக் கண்டறிய ஒவ்வொரு முறையும் ஒரு ‘று’ முன்வந்து நிற்கும் என எதிர்பார்க்க இயலாது.